ஆறு, மண்ணு, மலை, பழம்பொருள்: ஒரு ஜியாலஜிஸ்ட்கிட்ட எல்லாரும் கேக்கற கேள்விகள்

தமிழ்நாட்டு ஆறுகளையும் அதோட பழைய தடங்களையும் ஆராய்ச்சி பண்ற ஜியாலஜிஸ்ட் நான். ஃபீல்டுல, பஸ்ல, கல்யாண வீட்டுல, ஸ்கூல் விழாவுலன்னு எங்க போனாலும் ஒரே மாதிரி கேள்விகள் வருது, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி "இது என்ன கல்லு"ன்னு கேக்கறவங்க தனி. எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் இருக்கட்டும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா தான் இருக்கும்.

ஜியாலஜிஸ்ட்னா தண்ணி பாக்கறவங்க தானே? ஆத்துலயும் கோவில்லயும் உங்களுக்கு என்ன வேலை?

ஊருக்குள்ள கால் வெச்சதும் "என்னம்மா, நீரோட்டம் பாக்க வந்தியா?"ன்னு தான் கேப்பாங்க. நான் அதை தப்பா எடுத்துக்கறதே இல்ல, ஏன்னா பழைய ஆறு எங்க ஓடுச்சுன்னு கண்டுபிடிச்சா அங்க நல்ல தண்ணி கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அதனால அந்த கேள்வி பாதி சரி தான். மீதி பாதி என்னன்னா, இந்த நிலம் எப்படி இந்த ஷேப்புக்கு வந்துச்சு, ஆறு எப்ப எந்தப் பக்கம் ஓடுச்சு, கடல் எப்ப உள்ள வந்து எப்ப வெளிய போச்சு, இதெல்லாம் பாக்கறோம். மனுஷன் தண்ணி பக்கத்துல தான் குடியிருந்தான், துறைமுகம் கட்டினான், ஈமத்தாழி புதைச்சான். ஆறு நகர்ந்தா ஊரும் நகரும். அதனால தொல்லியல்காரங்க குழி தோண்டற இடத்துல நாங்களும் நிப்போம், அவங்க பானை ஓட்டைப் பாப்பாங்க, நாங்க அந்த ஓட்டைச் சுத்தி இருக்கற மண்ணைப் பாப்போம்.

இதுக்கு நம்ம ஊர்லயே பழைய உதாரணம் இருக்கு. 1863 மே 30ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துல ஒரு கல்லை எடுத்துப் பாத்தார், அது மனுஷன் செதுக்கின கைக்கோடாரி. இந்தியாவுல பழைய கற்கால ஆராய்ச்சி அங்க தான் ஆரம்பிக்குது. அவர் தொல்லியல்காரர் இல்ல, ஜியாலஜிகல் சர்வேயில வேலை பாத்த ஜியாலஜிஸ்ட்.

ஆறு நிஜமாவே இடம் மாறுமா?

மாறும். சமவெளிக்கு வந்த ஆறு சும்மா தண்ணிய மட்டும் கொண்டு வராது, மணலும் வண்டலும் சேத்து கொண்டு வரும், வேகம் குறையற இடத்துல அதைப் போட்டுட்டே போகும். வருஷா வருஷம் இப்படி போட்டுப் போட்டு ஆத்தோட அடித்தளமும் கரையும் சுத்தி இருக்கற வயலை விட மேடாயிடும். ஒரு கட்டத்துல ஆறு ஒரு மேட்டு மேல ஓடிட்டு இருக்கும், பக்கத்துல பள்ளம் இருக்கும், அப்புறம் ஒரு பெரிய வெள்ளம் வந்து கரைய உடைச்சா தண்ணி பள்ளத்தைப் பாத்து தானே போகும்? போனது போனது தான். 2008 ஆகஸ்ட்ல நேபாள எல்லையில கோசி ஆறு கரையை உடைச்சுகிட்டு 100 கிலோமீட்டருக்கு மேல கிழக்க தள்ளி, தன்னோட பழைய தடத்துலயே பாய்ஞ்சுச்சு, பீகார்ல லட்சக்கணக்கான ஜனங்க வீடு வாசல் இழந்தாங்க. ஆறு மறக்கலன்னு நாங்க சொல்றது இதைத் தான்.

நம்ம பக்கம் பாலாறு. இப்ப அது கல்பாக்கத்துக்குத் தெற்க வயலூர் பக்கம் கடல்ல சேருது. ஒரு காலத்துல காவேரிப்பாக்கம் பக்கத்துல பிரிஞ்சு இப்ப கொசஸ்தலை ஆறு ஓடற வழியா எண்ணூர் பக்கம் போயிருக்கு. கொசஸ்தலைக்கு சமஸ்கிருதத்துல விருத்த க்ஷீர நதின்னு ஒரு பேரு இருக்கு, கிழட்டுப் பாலாறுன்னு அர்த்தம்! ஜியாலஜிஸ்ட் சாட்டிலைட் படத்துல பாத்துச் சொல்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே யாரோ அதைத் தெரிஞ்சு பேரு வெச்சிருக்காங்க. எனக்கு இதை நினைச்சா இப்பவும் சிலிர்க்கும்.

பழைய தடத்தை எப்படி கண்டுபிடிக்கறீங்க? மேல ஒண்ணுமே தெரியலயே?

மேல தெரியும், ஆனா நின்னு பாத்தா தெரியாது, மேல இருந்து பாத்தா தெரியும். சாட்டிலைட் படத்துல கோடை மாசத்துல சுத்தி எல்லாம் காஞ்சு கிடக்கும்போது ஒரு வளைஞ்ச பட்டை மட்டும் பச்சையா தெரியும், ஏன்னா அடியில இருக்கற மணல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். அந்தப் பட்டைய வரைஞ்சுகிட்டு அதோட வழியில இருக்கற ஊர்ப் பேரைப் பாப்பேன். படுகை, திட்டு, துறை, பழையாறு, மணல்மேடு இந்த மாதிரி பேரு, தண்ணியே இல்லாத இடத்துல இருந்தா அங்க கண்டிப்பா போய் நிக்கணும்.

போனதும் முதல் வேலை கிணறு. போர்வெல் வந்த பிறகு கிணறு வெட்டறதே நின்னு போச்சு, அது எங்களுக்கு பெரிய நஷ்டம், ஏன்னா வெட்டின கிணறு தான் பூமிக்குள்ள எட்டிப் பாக்கற ஜன்னல். ஒரு தடவை ஒரு பெரியவர் தன்னோட பழைய கிணத்துக்குக் கூட்டிட்டுப் போனார். மேல ஆறடிக்கு கறுப்புக் களி, அதுக்குக் கீழ மெல்லிசா பழுப்பு வண்டல், அப்புறம் திடீர்னு வெள்ளை மணல், நல்ல பருமணல், அதுக்குள்ள கோழிமுட்டை சைஸ்ல வெங்கச்சங்கல் கூழாங்கல்லுங்க வரிசையா ஒரே பக்கமா சாஞ்சு படுத்திருக்கு, ஓடு மேஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. தண்ணி ஓடற இடத்துல தான் கல்லு அப்படி சாயும், அது சாயற பக்கத்தை வெச்சு தண்ணி எந்தத் திசையில ஓடுச்சுன்னு சொல்லலாம். இப்ப அங்க இருந்து பக்கத்து ஆறு ரொம்ப தூரம். "எங்க தாத்தா இங்க ஓடம் போச்சுன்னு சொல்வாரும்மா, நாங்க யாரும் நம்பல"ன்னு அந்த ஐயா சொன்னார். நான் அந்தக் கூழாங்கல்லைக் காட்டி உங்க தாத்தா சொன்னதுல விஷயம் இருக்குன்னு சொன்னேன், அவர் முகத்துல வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம் தான் அடியில இருக்கற மண்ணு கரண்ட்டை எவ்ளோ தடுக்குதுன்னு அளக்கற சர்வே, போர்வெல் மாதிரி துளை போட்டு மண் எடுக்கறது, லேப் எல்லாம்.

இந்த மண்ணுக்கு இத்தனை ஆயிரம் வருஷம்னு எப்படி அவ்ளோ தைரியமா சொல்றீங்க?

கரித்துண்டு, எலும்பு, சிப்பி மாதிரி ஒரு காலத்துல உயிரோட இருந்த பொருள் கிடைச்சா கார்பன் டேட்டிங். அது சுமாரா 50,000 வருஷம் வரைக்கும் தான் வேலை செய்யும். கீழடியில 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த கரிக்கு கி.மு. 580ன்னு வந்துச்சே, அது இந்த வழியில தான்.

வெறும் மணல் மட்டும் இருந்தா? அதுக்கு ஓ.எஸ்.எல்.னு ஒரு முறை இருக்கு. மணல்ல இருக்கற குவார்ட்ஸ் துகள் மேல வெயில் பட்டுட்டே இருக்கற வரைக்கும் அதோட கணக்கு ஜீரோல இருக்கும், மண்ணுக்குள்ள புதைஞ்சதும் சுத்தியிருக்கற இயற்கையான கதிர்வீச்சை கொஞ்சம் கொஞ்சமா சேத்து வெச்சுக்கும். லேப்ல அது மேல ஒளி அடிச்சா சேத்து வெச்சதை வெளிச்சமா திருப்பிக் கொடுக்கும். எவ்ளோ வெளிச்சம் வருதுன்னு அளந்து, ஒரு வருஷத்துக்கு எவ்ளோ சேரும்னு வகுத்தா, அந்தத் துகள் கடைசியா வெயிலைப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு வந்துடும்.

இதுல கஷ்டம் என்னன்னா சாம்பிள் எடுக்கும்போது ஒரு நொடி வெளிச்சம் பட்டா கூட எல்லாம் போச்சு. அதனால இரும்புக் குழாயை மண் சுவத்துல சுத்தியல் வெச்சு அடிச்சு உள்ள இறக்குவோம், வெளிய இழுத்த உடனே ரெண்டு முனையையும் கறுப்பு பிளாஸ்டிக்ல இறுக்கிச் சுத்தி டேப் ஒட்டுவோம், லேப்ல சிவப்பு லைட் வெளிச்சத்துல தான் திறப்போம், அப்பவும் ரெண்டு முனையில இருக்கற மண்ணை ஒதுக்கிட்டு நடுவுல இருக்கறதை மட்டும் தான் எடுப்போம். ஜேசிபி வந்து ஒரு தடவை அள்ளிக் கொட்டின மணல்ல இதைப் பண்ணவே முடியாது. அந்த மணல் வெயிலைப் பாத்துடுச்சு, அதோட கடிகாரம் ஜீரோ ஆயிடுச்சு. கீழ மணல் பத்தின கேள்விக்கு வரும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கொற்கை கடலை விட்டு தள்ளி இருக்கு, பூம்புகார் கடலுக்குள்ள போயிடுச்சுன்னு சொல்றாங்க. ரெண்டும் துறைமுகம் தானே, ஏன் இப்படி?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. பதில் ஆத்துகிட்ட தான் இருக்கு.

தாமிரபரணி மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து மண்ணை கொண்டு வந்து வாய்ப்பக்கம் கொட்டிட்டே இருந்துச்சு. கடல் அதைப் புரட்டி எடுத்துட்டுப் போறதை விட ஆறு கொண்டு வர்றது அதிகம்னா கரை முன்னாடி நகரும். பாண்டியர் துறைமுகமா இருந்த கொற்கை இப்ப கடல்ல இருந்து பல கிலோமீட்டர் உள்ள இருக்கு, நடுவுல வாழைத்தோப்பும் வயலும். கொற்கை தூர்ந்து போனதும் துறைமுகம் கடல் பக்கமா காயலுக்கு நகர்ந்துச்சு, அப்புறம் பழைய காயலும் உள்ளடங்கிப் போச்சு. 19ம் நூற்றாண்டுலயே கால்டுவெல் இதை நடந்து பாத்து எழுதியிருக்கார். கொற்கையில குழி தோண்டினா சங்கும் கடல் சிப்பியும் வரும், அந்த சிப்பி எந்த வகைன்னு பாத்தா அங்க இருந்தது திறந்த கடலா, ஆறும் கடலும் கலக்கற கழிமுகமான்னு சொல்லலாம்.

பூம்புகார்ல கணக்கு தலைகீழ். காவிரி டெல்டாவுல ஒரே ஆறு இல்ல, முக்கொம்புல கொள்ளிடம் பிரிஞ்சதும் பெரு வெள்ளமும் மணலும் பெரும்பாலும் அந்தப் பக்கம் தான் போகுது. பூம்புகாருக்கு வந்து சேர்ற காவிரியைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது ஒரு வாய்க்கால் மாதிரி. மண் வரத்து கம்மியான கரையை அலை அரிச்சுட்டே இருக்கும். 1960கள்ல கீழையூர்ல தோண்டினப்ப செங்கல்லால கட்டின படகுத்துறையும் அதுல படகு கட்ட நட்ட மரக்கம்பமும் கிடைச்சுது. 1990கள் ஆரம்பத்துல கோவா தேசிய கடலியல் நிறுவனமும் தமிழக தொல்லியல் துறையும் சேந்து கடலுக்குள்ளயும் தேடினாங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. கடல்ல 20 மீட்டருக்கு மேல ஆழத்துல ஏதோ ஒரு அமைப்பு தெரிஞ்சதும் "கடல் மட்டத்தை வெச்சு பாத்தா பத்தாயிரம் வருஷம் முந்தின நகரம்"னு வீடியோ போட்டுடறாங்க. சுமார் 20,000 வருஷம் முன்னாடி, பனியுகத்தோட உச்சத்துல கடல் இப்ப இருக்கறதை விட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, அப்புறம் ஏறிச்சு, அது உண்மை. ஆனா கடல் மட்டத்தை மட்டும் வெச்சு ஒரு கட்டடத்துக்கு வயசு சொல்ல முடியாது. அது மனுஷன் கட்டினதா இயற்கையானதா, மேல எந்த மண் படிஞ்சிருக்கு, கூட பானை ஓடு இருக்கா, இதெல்லாம் பாக்காம சொல்றது நம்ம வரலாறுக்கே கெடுதல். உண்மையான பூம்புகாரே போதுமான அளவு பெருமை.

கீழடி வைகைக் கரையில இல்லயே, அப்புறம் எப்படி வைகை நாகரிகம்?

இப்ப ஆறு சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி ஓடுது. அகழாய்வுக் குழிகள்ல வண்டலும் மணலும் மாறி மாறி வர்றதைப் பாத்தா ஆத்தோட கை அங்க வரைக்கும் எட்டியிருக்குன்னு புரியும். வைகையே கொஞ்சம் வித்தியாசமான ஆறு, பெரும்பாலான வருஷம் அது கடலுக்குப் போறதே இல்ல, கண்மாய் கண்மாயா நிரப்பிகிட்டே போய் கடைசியில ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல முடிஞ்சுடும்.

அத்திரம்பாக்கம்னு அடிக்கடி சொல்றீங்களே, அங்க என்ன?

திருவள்ளூர் மாவட்டத்துல, கொசஸ்தலை ஆத்துப் பக்கம் இருக்கற சின்ன ஊர். ஃபூட் 1863லயே அங்க போயிட்டார். அதுக்கு ரொம்ப காலம் கழிச்சு தொல்லியல் ஆராய்ச்சியாளர் சாந்தி பப்புவோட குழுவினர் வருஷக்கணக்கா பொறுமையா தோண்டி, களிமண் அடுக்குக்குள்ள இருந்த கைக்கோடாரிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளியிட்டாங்க. அந்த ஊர் களிமண்ணுல கரி கிடையாது, கார்பன் உதவாது. அதனால கல்லு வெளிய கிடந்தப்ப காஸ்மிக் கதிர் பட்டு அதுக்குள்ள உருவான பெரிலியம், அலுமினியம் ஐசோடோப்புங்க புதைஞ்ச பிறகு எவ்ளோ சிதைஞ்சிருக்குன்னு அளந்தாங்க, மண்ணுல பதிவான பூமியோட காந்தத் திசையையும் பாத்தாங்க. 2018ல அதே இடத்துல இன்னொரு முடிவு வந்துச்சு, சுமார் 3,85,000 வருஷம் முன்னாடி அங்க கருவி செய்யற முறையே மாறியிருக்குன்னு.

கருவி செஞ்ச குவார்ட்ஸைட் கல்லு எல்லாம் மலையில இருந்து ஆறும் ஓடையும் உருட்டிட்டு வந்த கல்லு. கைக்கு அடங்கற உறுதியான கல்லு தண்ணி பக்கத்துலயே குவிஞ்சு கிடந்ததால தான் மனுஷன் திரும்பத் திரும்ப அங்க வந்தான். அதனால அந்த இடத்தைக் காப்பாத்தணும்னா கருவிகளை எடுத்து மியூசியத்துல வெச்சா மட்டும் போதாது, அந்த ஓடையும் கூழாங்கல் படுகையும் இருக்கணும்.

தூத்துக்குடி பக்கம் தேரி ஏன் அவ்ளோ சிவப்பு?

தேரி மணல் காத்து கொண்டு வந்து குவிச்ச பழைய மணல்மேடு. அதுல கார்னெட், இல்மனைட் மாதிரி இரும்பு இருக்கற கனிமங்கள் உண்டு, ஆயிரக்கணக்கான வருஷம் வெயிலும் ஈரமும் மாறி மாறி பட்டு அந்த இரும்பு துரு மாதிரி ஒவ்வொரு மணலையும் மெல்லிசா பூசிடுச்சு. கொஞ்சம் கையில எடுத்து தேய்ச்சுப் பாருங்க, உள்ளங்கையெல்லாம் சிவப்பா ஒட்டும், கழுவினா உள்ள வெள்ளை குவார்ட்ஸ் மின்னும். நுண்கற்கருவிகள் நிறைய கிடைச்ச இடம், விரல் நகம் அளவு கூட இருக்கும். அதுக்குள்ள வண்டி ஓட்டி ரீல்ஸ் எடுக்கறவங்க தயவு செஞ்சு இதை நினைச்சுப் பாருங்க, அந்த மேல் அடுக்கு தான் ஆவணம்.

மாமல்லபுரம் வெண்ணை உருண்டை ஏன் உருளல?

அதை யாரும் அங்க கொண்டு வந்து வைக்கல, அதனால உருளல. முதல்ல அது ஒரே பாறையா இருந்துச்சு. பாறைக்குள்ள வெடிப்புங்க நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் ஓடும், மழைத்தண்ணி அது வழியா இறங்கி பாறையை கொஞ்சம் கொஞ்சமா மக்க வைக்கும், மூலை ரெண்டு மூணு பக்கத்துல இருந்து அடி வாங்கறதால சீக்கிரம் கரையும், சோப்பு கரையற மாதிரி. கடைசியில நடுவுல உருண்டையா ஒரு கல்லு மிஞ்சும், சுத்தி இருந்த மக்கின மண்ணை மழை அடிச்சுட்டுப் போயிடும். அடியில அது பாறையோட ஒட்டி நிக்கற பரப்பு நம்ம கண்ணுக்குத் தெரியறதை விட அதிகம், எடையும் அதுக்கு நேர் மேலயே இறங்குது. செஞ்சி மலைகள்ல குவிஞ்சு கிடக்கற பாறைங்களும் இதே கதை தான்.

திருவக்கரையில மரம் எப்படி கல்லாச்சு? ஒரு சின்ன துண்டு எடுத்துட்டு வந்தா என்ன ஆயிடும்?

விழுப்புரம் மாவட்டத்துல இருக்கற கல்மரப் பூங்கா அது. சுமார் 2 கோடி வருஷம் முந்தின மரங்க. மண்ணுல புதைஞ்சு, காத்து படாம, சிலிக்கா கரைஞ்ச நிலத்தடி நீர் உள்ள ஊறி ஊறி மரத்தோட ஒவ்வொரு செல்லையும் கல்லா மாத்தியிருக்கு, வளர்ச்சி வளையம் கூட அப்படியே தெரியும். கிளை, வேர், பட்டை எதுவும் இல்ல, வெறும் தண்டு தான் படுத்திருக்கு. ஏன்னா அந்த மரங்க அங்க வளரல, எங்கயோ இருந்து ஆத்து வெள்ளம் உருட்டிட்டு வந்து போட்டிருக்கு. ஆக அதுவும் ஒரு ஆத்தோட கதை தான்.

துண்டு எடுக்கக் கூடாது, அது தேசிய புவியியல் சின்னம். எனக்கு அதை விட மனசுக்குக் கஷ்டமா இருக்கறது என்னன்னா, ஒருத்தர் ஒரு துண்டு எடுத்தா போதும்னு நினைக்கறார், ஞாயித்துக்கிழமை வர்றவங்க எத்தனை பேரு? தமிழ்நாட்டுல இந்த மாதிரி சின்னம் மொத்தமே நாலு தான்: திருவக்கரை, பெரம்பலூர் பக்கம் சாத்தனூர் கல்மரம், பரங்கிமலை சார்னோகைட் பாறை, காரை பள்ளத்தாக்கு. சாத்தனூர் மரம் 18 மீட்டர் நீளம், 1940ல ஜியாலஜிஸ்ட் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. பரங்கிமலைக் கல்லுக்கு சார்னோகைட்னு பேரு வந்தது கொல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கோட கல்லறையில இருக்கற கல்லால, அந்தக் கல்லு நம்ம ஊர்ப் பக்கத்துல இருந்து போனது.

அரியலூர் பக்கம் டைனோசர் இருந்துச்சாமே?

இருந்துச்சு. அங்க இருக்கற பாறை அடுக்குகளுக்கு ஹென்ரி பிளான்ஃபோர்ட்ங்கற ஜியாலஜிஸ்ட் 1862லயே ஊத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர்னு பேரு வெச்சிட்டார், உலகம் பூரா கிரெட்டேசியஸ் காலத்தை, அதாவது டைனோசர் கடைசியா வாழ்ந்த காலத்தைப் படிக்கறவங்களுக்கு இந்த ஊர்ப் பேருங்க தெரியும், நமக்குத் தான் தெரியாது. காரையில சாயங்காலம் போய் நின்னா மழை அரிச்ச பள்ளங்க பூரா ஜிப்சம் தகடு கண்ணாடி மாதிரி மின்னும், காலடியில துப்பாக்கித் தோட்டா மாதிரி கல்லு கிடக்கும், அது பெலம்னைட், கணவாய் மீனோட சொந்தக்காரன். சுருண்ட நத்தை மாதிரி இருந்தா அம்மோனைட், பூஜையறையில வெச்சு கும்பிடற சாளக்கிராமம் இருக்கே, அதோட வகை தான்.

இப்ப ஒரு சோகமான விஷயம். அரியலூர் பக்கம் கல்லமேட்டுல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு ஜியாலஜிகல் சர்வே ஆராய்ச்சியாளர்கள் பிரமாண்டமான எலும்புகளைப் பாத்தாங்க, கால் எலும்பு ஒண்ணே 2 மீட்டர்னு பதிவு பண்ணினாங்க. புருஹத்காயோசாரஸ்னு பேரு வெச்சாங்க, பெரிய உடம்புக்காரன்னு அர்த்தம், உலகத்துலயே பெரிய விலங்குகள்ல ஒண்ணா இருக்கலாம்னு இன்னைக்கு வரைக்கும் பேச்சு இருக்கு. ஆனா அந்த எலும்பு இப்ப இல்ல. அங்க இருக்கற களிமண் ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும், மழைக்காலத்துல எலும்பு நொறுங்கிப் போச்சு, பிளாஸ்டர் கட்டு போட்டும் லேபுக்கு வந்து சேரல. மிஞ்சினது வரைபடமும் சில போட்டோவும் தான். பத்திரப்படுத்தறதுக்குன்னு தனி ஆளும் வசதியும் அந்த நாளே அங்க இருந்திருந்தா? இந்தக் கேள்வி எனக்கு ராத்திரில வரும்.

சட்டம் எதுவும் இல்லையா?

கோவில், கோட்டை, கல்வெட்டுக்கு 1958 சட்டம் இருக்கு, மத்திய அரசு பாதுகாக்கற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டக் கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பாறைக்கும் புதைபடிவத்துக்கும் அந்த மாதிரி தனிச் சட்டம் கிடையாது. 2022 டிசம்பர்ல சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதா வெளியிட்டுச்சு, அதிகாரம் எல்லாம் ஒரே துறை கையில போகுதுன்னு ஆராய்ச்சியாளர்கள் எதிர்ப்பு சொன்னாங்க, நான் இதை எழுதற வரைக்கும் அது சட்டமாகல. நிலத்தோட வரலாறைக் காட்டற இடங்களுக்கு யுனெஸ்கோ கொடுக்கற ஜியோபார்க் அங்கீகாரம் உலகத்துல 200க்கு மேற்பட்ட இடங்களுக்கு இருக்கு, இந்தியாவுல ஒண்ணு கூட இல்ல.

சட்டம் வர்ற வரைக்கும் ஊர் தான் காவல். அரிட்டாபட்டியைப் பாருங்க: சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு, பாண்டியர் குடைவரை, மலையில இருந்து வர்ற சுனைங்க, அதுல நிரம்பற கண்மாய்ங்க, எல்லாம் ஒரே மலைத்தொடர். 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆச்சு. 2024ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தப்ப சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் நடந்தே மதுரைக்கு வந்தாங்க, 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு.

கல்லுக் கோவில் தானே, அதுக்கு எதுக்கு ஜியாலஜிஸ்ட்?

கல்லும் நோய்ப்படும். கடற்கரைக் கோவில்ல உப்புக்காத்து கல்லுக்குள்ள போகும், உள்ள காஞ்சு உப்பு படிகமாகும்போது விரியும், மேல்தோல் மாவு மாதிரி உதிரும். அதனால தான் காகிதக்கூழை ஈரமா கல்லு மேல அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கறாங்க, கடல் பக்கம் பாறைத் தடுப்பு, சவுக்குத் தோப்பு எல்லாம்.

திருப்பணின்னு சொல்லி மணலை வேகமா பீச்சி அடிச்சு கல்லை வெளுப்பாக்கறது இருக்கே, அதை மட்டும் விடவே கூடாது. ஒரு கோவில்ல நானே கை வெச்சுப் பாத்தேன், வெளிச்சுவர் கல்வெட்டுல எழுத்தோட ஓரம் மழுங்கி, விரலுக்கு பள்ளமே தட்டுப்படல. ஆயிரம் வருஷ மழை பண்ணாததை ரெண்டு நாள் மெஷின் பண்ணிடுச்சு. சுண்ணாம்புக் காரை இருந்த இடத்துல சிமென்ட் பூசறதும் தப்பு, சிமென்ட் ஈரத்தை வெளிய விடாது, அது கல்லு வழியா வரும், உப்பையும் கூட்டிட்டு வரும்.

மணல் அள்ளறதுக்கும் பாரம்பரியத்துக்கும் என்ன சம்பந்தம்? அது சுற்றுச்சூழல் பிரச்சனை தானே?

ரெண்டும் தான். ஆத்து மணலுக்கடியில உறைகிணறு இருக்கும், பழைய படித்துறை இருக்கும், பானை ஓடு இருக்கும். அதெல்லாம் எந்த அடுக்குல, எது மேல, எது கீழ இருக்குங்கறது தான் சாட்சி. மேல ஓ.எஸ்.எல். பத்தி சொன்னேன்ல, அள்ளிக் கொட்டின மணலுக்கு வயசு கிடையாது. அதே மணல் தான் மழைத்தண்ணியை உள்ள வாங்கி கரையோர கிணத்துக்கெல்லாம் அனுப்புது, பாலத்தோட தூணைப் பிடிச்சு வெச்சிருக்கு, கடலுக்குப் போய் கரையைக் காக்குது. ஆத்துல பத்தடி பள்ளம் பண்ணிட்டு பூம்புகார்ல கடல் அரிக்குதுன்னு கல்லு கொட்டறோம்.

பழைய ஆறு இருந்த இடத்துல வீடு வாங்கலாமா?

வாங்கறதுக்கு முன்னாடி பழைய சர்வே மேப் பாருங்க, ஊர்ப் பெரியவங்ககிட்ட "மழைக்கு இங்க தண்ணி நிக்குமா, எந்தப் பக்கமா போகும்"னு கேளுங்க. 2015 டிசம்பர்ல அடையாறு வெள்ளத்துல சென்னை பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். வெள்ளச் சமவெளின்னா ஆறு வருஷா வருஷம் பயன்படுத்தலன்னாலும் அது ஆத்தோட இடம். பள்ளிக்கரணை மாதிரி சதுப்பு நிலத்துல மண் கொட்டி மேடாக்கினா தண்ணி வேற எங்கயாவது தானே போய் நிக்கணும்.

எங்க ஊர்ல வித்தியாசமா கல்லோ பானையோ கிடைச்சா என்ன பண்ணணும்?

எடுக்காதீங்க, கழுவாதீங்க. இருக்கற இடத்துலயே பக்கத்துல ஒரு பேனாவோ ஸ்கேலோ வெச்சு போட்டோ எடுங்க, தூரத்துல இருந்து ஒண்ணு, கிட்டத்துல ஒண்ணு, மண் அடுக்கு தெரியற மாதிரி ஒண்ணு. லொகேஷன் சேவ் பண்ணுங்க. பானையோ காசோ சிலையோன்னா வி.ஏ.ஓ. இல்ல தாசில்தார்கிட்ட சொல்லுங்க, 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதைபொருள் கிடைச்சா கலெக்டருக்குத் தகவல் சொல்லியே ஆகணும். எலும்பு, கல்மரம், சிப்பிக்கல்லுன்னா பக்கத்துல இருக்கற காலேஜ் ஜியாலஜி டிபார்ட்மென்ட்டுக்குப் போங்க. மழைக்காலம்னா கொஞ்சம் சீக்கிரம் போங்க, அதுவரைக்கும் தார்ப்பாய் போட்டு மூடி வைங்க, தண்ணி பக்கவாட்டுல ஓடற மாதிரி மண்வெட்டியால சின்னதா ஒரு வாய்க்கால் வெட்டி விடுங்க, பொருள் இருக்கற இடத்துக்கு நாலடி தள்ளி.